காப்பு அவிழும் வரை

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சென்னியக்காவிடம் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள். சொன்னதோடு விடாமல் திருப்பிச் சொல்லவும் வைத்தார்கள். கண் சிவந்தால் வர வேண்டும். வெளிச்சம் பட்டுக் கூசினால் வர வேண்டும். வலித்தாலும், பார்வை மங்கினாலும் வர வேண்டும். நான்கில் ஒன்று தெரிந்தாலே அன்றைக்கே பஸ் ஏறிவிட வேண்டும். "நாளைக்குப் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்கம்மா" என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற சின்னண்ணன் மாமா அவளைவிட வேகமாகத் தலையாட்டினார்.

ஐந்து மாதம் கழித்துப் பங்குனியில் அந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கா பஸ் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு அவள்மேல் கோபம் வரலாம். எனக்கும் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

சென்னியம்மாள் என் பெரியம்மா மகள். ராசிபுரத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். கொஞ்சம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு, மாட்டுக்குச் சோளம், இரண்டு கறவை. மகன் மணிமாறன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். வருடத்தில் பாதியைச் சத்தீஸ்கரில் போர் போட்டே கழிப்பான். ஆகவே வீட்டில் அக்காவும் மாமாவும் மட்டும்தான்.

அவளுடைய இடது கண் சிறு வயதிலேயே பெரியம்மையில் போய்விட்டது. அந்த வருடம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். கோயில் முன்னால் அந்த மரக்கம்பத்தை நட்டுவிட்டால், திரும்பப் பிடுங்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கையில் காப்புக் கட்டியவர்கள் எல்லைக்கல்லையே தாண்டக் கூடாது. இது ஊர்க் கட்டு. என் பெரியம்மா அங்கம்மாள் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மழை பிடித்துக்கொண்டதால் தங்கிவிட்டு மறுநாள் வந்தாள். அந்த வாரமே பிள்ளைக்கு அம்மை போட்டது. "நான் எல்லை தாண்டினேன், அவ உன்ற கண்ணை எடுத்துக்கிட்டா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் எல்லை தாண்டாத வீடுகளிலும்தான் அம்மை போட்டது. பிள்ளைகள் செத்தும் போனார்கள். அதையெல்லாம் பெரியம்மா பேசவே மாட்டாள். ஒரு குழந்தையிடம் இப்படி ஒரு பேச்சைத் தினமும் பேசினால் அது மனதில் எவ்வளவு ஆழம் போகும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா பெண் பார்க்க வந்தபோது அவர் பக்கத்துப் பெரியவர்கள், பெண்ணுக்கு ஒரு கண் இல்லையே என்று இழுத்தார்கள். "எனக்கு ரெண்டு இருக்குது, போதுமுங்க" என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் சொல்லாமல் விட மாட்டாள். மாமா அதிகம் பேசாதவர். சொன்ன சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அந்தக் குணத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் பெருமையாகத்தான் பேசியிருக்கிறோம்.

இருந்த ஒரு கண்ணும் போனது சோளக்காட்டில். சோளத்தட்டு அறுக்கும்போது தோகை வலது கண்ணில் கீறிவிட்டது. முதலில் விளக்கெண்ணெய், பிறகு மருந்துக்கடையில் அவர்களாகவே எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்து. கண்ணாஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே புண் ஆழமாகிவிட்டிருந்தது. புண்ணை ஆற்றினார்கள். ஆறிய இடத்தில் பூ விழுந்து கருவிழி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் மாமாதான் கையைப் பிடித்து அக்காவை வாசலுக்கும் கொல்லைக்கும் கூட்டிப் போனார். இறந்துபோன ஒருவருடைய கருவிழி கிடைத்ததும் ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது.

கட்டு அவிழ்த்த உடனே எல்லாம் தெரிந்துவிடவில்லை. முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு ஆள் நிழல், கை அசைவு, புடவை நிறம். கார்த்திகை கடைசியில் ஒரு காலையில் பால் கறந்துவிட்டு நிமிர்ந்தவள், கிழக்கே போதமலையைப் பார்த்திருக்கிறாள். மலையின் விளிம்பு, நடுவில் பள்ளம், பள்ளத்தில் நின்ற மேகம் எல்லாம் தெரிந்தன. எனக்குப் போன் செய்து மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க மாமனுக்கு இம்புட்டு நரைச்சிருக்குது, ஒருத்தராவது சொன்னீங்களா" என்று திட்டினாள். அன்றைக்கு நான் சேலத்தில் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்றில் இருந்து தினமும் காலையில் மலையைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மலை தெரிந்தால் கண் இருக்கிறது என்று அர்த்தம்.

சந்தோஷத்துக்கு நடுவே அவளை ஒரு பயமும் அரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் விளக்கும்போது, வைத்திருப்பது வேறொருவருடைய கருவிழி, உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுகொண்டால் தள்ளிவிடப் பார்க்கும், சொட்டு மருந்துதான் உடம்பை ஏமாற்றி வைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். "என்ற உடம்பு எப்பப் பாத்தாலும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்குமாம் கண்ணு" என்று என்னிடம் மெதுவான குரலில் சொன்னாள். சொட்டு மருந்து விடுவது மாமாவின் வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவி, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, பாட்டில் மூக்கு கண்ணில் படாமல் விடுவார். காட்டில் எந்த வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பார். அக்காவுக்குத் தானாக விட்டுக்கொள்ள வராது. பாட்டில் அருகே வந்தாலே கண் இறுக மூடிக்கொள்ளும்.

பங்குனியில் நோம்பி சாட்டி நாள் குறித்தார்கள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். ஆபரேஷன் நடந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாராம். பார்வை வந்தால் மாரியம்மனுக்குப் பூவோடு எடுக்கிறேன் என்று. பூவோடு என்பது நெருப்பு எரியும் சட்டி. அதை வெறும் கையில் ஏந்தி ஊர் சுற்றி வர வேண்டும். எடுப்பவர்கள் கம்பம் நட்ட அன்றே காப்புக் கட்டிக்கொண்டு, கம்பம் பிடுங்கும்வரை கோயில் கொட்டகையில்தான் தங்க வேண்டும். வீட்டுப் படி ஏறக் கூடாது.

"வேண்டாமுங்க" என்றாள் அக்கா. "நீங்க என்னத்துக்குக் காப்புக் கட்டோணும்? ஒரு ஆட்டைக் குடுத்துப்போட்டுப் போலாம்."

"ஆடு தாரேன்னு நான் சொல்லலியே" என்றார் மாமா.

"மருந்து யாரு உடறது?"

"நீயே உட்டுக்குவே. தலையை நல்லா அண்ணாந்துக்க. ரெண்டு வாரந்தான புள்ள."

அவள் அழுதும் பார்த்திருக்கிறாள். அவர் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு ஏன் அழுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. கம்பம் நட்டார்கள். ஊர் நுழைவில் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். மாமாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்த காப்பு ஏறியது.

அக்கா தானாக மருந்து விட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது. சில வேளை கண்ணில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது, அதனால் இன்னொரு சொட்டு விடுவாள், அதுவும் வழியும். பாட்டில் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாகிவிட்டது. வாங்கி வர ராசிபுரம் போக வேண்டும். மாமா எல்லை தாண்ட முடியாது. பக்கத்து வீட்டு ராசம்மாளின் மருமகன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நோம்பி வேலையில் மறந்துபோனான். மறுநாள் கொண்டுவந்தான். இடையில் ஒரு நாள் மருந்தில்லாமல் போனது.

அதற்கு அடுத்த காலையில் மலைமேல் புகை படிந்திருந்தது. பங்குனி வெயில், புழுதி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வாசலுக்கு வந்தபோது சூரியன் கண்ணில் ஊசி போலக் குத்தியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதைக் கழற்றி மாதக்கணக்காகிவிட்டிருந்தது. ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வெயிலுக்குப் போட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். கண்ணாடிக்குள்ளே கண் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஒரே ஆள் கோயில் கொட்டகையில் இருந்தார்.

முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று இமையைத் தூக்கிப் பார்த்தாள். மங்கலாகத்தான் தெரிந்தது. சிவப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அதையாவது செய்தாளே என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. எடுத்துப் பேசிய பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, இன்னைக்கே கிளம்பி வாங்க. படுக்கையில சேர்க்க வேண்டி வரும், அதுக்குத் தயாரா வாங்க. இங்க வர முடியாட்டி சேலத்துலயாவது ஒரு கண் டாக்டர்கிட்டக் காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றாள்.

"வாரேனுங்க" என்றாள் அக்கா.

பொய் சொல்லவில்லை, போகத்தான் நினைத்திருக்கிறாள். கோவைக்குப் போனால் தங்க வேண்டும், கம்பம் நட்ட ஊரில் அது முடியாது. சேலத்துக்குப் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மருந்துப் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அக்காவின் ஊரில் பஸ் நிறுத்தம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம். கல்லுக்கு இந்தப் பக்கம் வேப்பமரம், மரத்தைத் தாண்டினால் கோயில் கொட்டகை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் கொட்டகையில் இருப்பவர்களுக்குத் தெரிவார்கள்.

மாமா மஞ்சள் வேட்டியோடு வெளியே வந்தார். அவளை, அந்த நேரத்தில், நல்ல புடவையில், கறுப்புக் கண்ணாடியோடு பார்த்ததும் அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். "ஏம்புள்ள, எங்க போறே? கண்ணுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வேகமாக வந்தார். பேச்சு வேகத்தில் தான் எங்கே நடக்கிறோம் என்று அவர் பார்க்கவில்லை. அக்காவுக்கு முகம் தெரியவில்லை. ஒரு மஞ்சள் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கல்லின்மேல் பூசியிருந்த சிவப்புக்கு அருகில் அந்த மஞ்சள் வந்துவிட்டது. ஒரு கால் முன்னால் நீண்டது.

"வராதீங்க" என்று கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வராதீங்க, அங்கேயே நில்லுங்க. ஒண்ணுமில்லீங்க. டவுனுக்குத் துணிமணி வாங்கலாமுன்னு வந்தேன். நாளைக்குப் போய்க்கறேன்."

மாமா கல்லைப் பார்த்தார், காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "கண்ணு?" என்றார் மறுபடியும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. வெயிலுக்குப் போட்டிருக்கறேன். நீங்க போங்க."

பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். அப்போது கண்ணை நினைத்துப் பயப்படவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். தனக்கு ஏதாவது என்று தெரிந்தால் இந்த மனுஷன் கல்லையும் பார்க்க மாட்டார், காப்பையும் பார்க்க மாட்டார் என்பது அன்றைக்கு அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவர் தாண்டினால் மாரியம்மன் எதை எடுத்துக்கொள்வாள்? அக்காவுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். அவள் அம்மா ஐம்பது வருடத்துக்கு முன்னால் போட்டுவிட்டுப் போன கேள்வி.

வீட்டுக்குப் போய் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "கண்ணு வேணுமுன்னா எடுத்துக்க. ஆளை உட்டுரு" என்று சொன்னாளாம்.

அதன் பிறகு அவள் சேலத்துக்கும் கிளம்பவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த போனை எடுக்கவில்லை. மணிமாறன் பேசியபோது நோம்பி எப்படி நடக்கிறது என்று விவரமாகச் சொன்னாள். காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பெண்களோடு போய், கொட்டகைப் பக்கம் பார்க்காமல் திரும்பிவிடுவாள். வலி வந்தது. புருவத்துக்கு மேலே ஆரம்பித்துப் பின்மண்டைவரை இழுத்தது. சொட்டு மருந்தை மட்டும் கைக்கு வந்தபடி விட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வாசலில் நின்று கிழக்கே பார்ப்பதையும் விடவில்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று இருந்தது. பிறகு அடுத்த வீட்டுக் கூரை இருந்த இடத்திலும் அதே வெள்ளை. ஒரு நாள் கிணற்றடி வேம்பும் அதற்குள் போய்விட்டது.

பூவோடு எடுக்கிற அன்று சாயங்காலம் நான் ஊருக்குப் போனேன். வீதியெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அக்கா குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றாள். பொழுது இறங்கிய பிறகும் கறுப்புக் கண்ணாடி.

"இருட்டுல என்னத்துக்கக்கா கண்ணாடி?"

"புகை வருமில்ல சாமி. டாக்டரு சொல்லியிருக்காரு."

காரணம் சரியாகத்தான் பட்டது. பம்பை மேளச் சத்தம் வீதிக்குள் திரும்பியது. சட்டி ஏந்தியவர்கள் வரிசையாக வந்தார்கள். மாமா இளைத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. தீ அவர் முகத்துக்கு மிக அருகே எரிந்தது. வீட்டின் முன்னால் நின்றார். பூவோடு எடுப்பவர் காலில் வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அக்கா குனிந்து குடத்தைச் சரித்தாள். தண்ணீர் முழுவதும் அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்தது. ஒரு சொட்டுக்கூட அவர் பாதத்தில் படவில்லை. அக்கா குடத்தை நிமிர்த்திக் கும்பிட்டாள். அவள் கும்பிட்ட திசையில் மாமா இல்லை, பம்பைக்காரர் நின்றார்.

மாமா சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, காலைப் பார்த்தாரா தெரியாது. காய்ந்த காலோடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

கூட்டம் போனதும் அக்காவை உள்ளே இழுத்துப் போய்க் கண்ணாடியைக் கழற்றினேன். கருவிழி வீங்கி, வேக வைத்த முட்டையின் வெள்ளை போல இருந்தது. சுற்றிலும் ரத்தச் சிவப்பு. "இப்பவே போலாம், காருக்குச் சொல்றேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் இருந்த பலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "காலையில கம்பம் புடுங்கிருவாங்க. அப்பறம் நீ எங்க கூப்புட்டாலும் வாரேன். இப்ப நீ காருக்குச் சொன்னீன்னா அவருக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். நான் திட்டினேன். பெரியம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். அவள் விடவில்லை.

காலையில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள். காப்பை அவிழ்த்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து முதல் காரியமாகச் சோப்புப் போட்டுக் கை கழுவினார், மருந்துப் பாட்டிலை எடுத்தார், "தலையை அண்ணாந்துக்க புள்ள" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் நான் சொல்லி வைத்திருந்த கார் நின்றுகொண்டிருந்தது.

கோவையில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வைத்த கருவிழி செத்துவிட்டது என்றார். சிவந்த அன்றைக்கே வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம். இன்னொரு தடவை வைக்கலாம், பெயர் எழுதி வைக்கிறேன், ஆனால் இரண்டாவது நிலைப்பது முதலாவதைவிடச் சிரமம் என்றார். அவர் நல்லவர், குரலை உயர்த்தவில்லை. மாமா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"இவர்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். "சொல்லியிருந்தா உடனே கூட்டிட்டு வந்திருப்பாரே."

அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அதனாலதானுங்க சொல்லல" என்றாள்.